தலை தூக்கினால் நில்லுங்கள்!

"டிசம்பர் லீவில் குழந்தைகளோடு போனபோது கரை முழுக்கப் பறவைகள். அதே இடத்துக்கு மே மாதம் போனோம், ஒன்றையும் காணோம். பறவை நடைக்கு எந்த மாதம் போனால் நல்லது?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். கூடவே இன்னொரு சந்தேகம்: "எல்லாமே ஒரே மாதிரி பழுப்பாக இருக்கின்றனவே, எப்படித்தான் பெயர் சொல்கிறார்கள்?"

முதல் கேள்விக்கு என் பதில், பன்னிரண்டு மாதமும் நல்ல மாதம்தான். மே மாதம் "ஒன்றையும் காணோம்" என்று அவர் திரும்பி வந்த அந்த மணலில், அவர் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளி முட்டைகள் இருந்திருக்கலாம். மணல் நிறத்தில், மணலோடு மணலாக.

இரண்டாவது கேள்விக்கு, கவலையே வேண்டாம். ஒரு குழுவோடு ஒரு வருடம் நடந்தால் பெயர்கள் தானாக வந்துவிடும். நல்ல வழிகாட்டி முதலில் சொல்லித் தருவது பெயர்களைக்கூட இல்லை. எங்கே நடக்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான். அது பருவத்துக்குப் பருவம் மாறும். அதைக் கற்றுக்கொண்ட கூட்டம் கரைக்குப் போனால் பறவைகளுக்குக் காவல். கற்றுக்கொள்ளாத கூட்டம் போனால் தெருநாய்க் கூட்டத்துக்கும் அதற்கும் பறவையின் கண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை.

நடை என்றால் என்ன?

போகாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பத்துப் பதினைந்து பேர் ஓர் இடத்தில் கூடுவார்கள். கல்லூரி மாணவர், ரிட்டயர்டு ஆசிரியர், அம்மாவும் மகளும், கழுத்தில் பெரிய கேமராவோடு ஒருவர் என்று கலவையாக இருக்கும். முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள இன்னொருவர். முக்காலியில் நிறுத்திய ஒரு டெலஸ்கோப்பை எல்லோரும் வரிசையில் நின்று பார்ப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரம். வெயில் ஏறுவதற்குள் டீக்கடை.

சென்னையில் 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இப்படி மக்களைக் கூட்டிப் போகின்றன. கடலோர ஊர்களில் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி விலங்கியல் துறைகளும் நடத்தும் சின்னச் சின்னக் குழுக்களும் உண்டு.

வழிகாட்டி வந்ததும் முதலில் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார். ஒன்று சூரியன், இன்னொன்று தண்ணீர்.

நம் கிழக்குக் கடற்கரையில் காலைச் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. நிலத்தில் நின்று கடலைப் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன" என்பதற்குப் பாதிக் காரணம் இது. அதனால் காலையில் சூரியன் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி, முகத்துவாரத்தையும் காயலையும் நோக்கி நிற்க வைப்பார்கள். மாலையில் அப்படியே தலைகீழ். நிலத்திலிருந்து கடலைப் பார்க்கலாம். இதை மட்டும் மாற்றிப் பாருங்கள், பழுப்பில் பத்து நிறம் தெரியும்.

அடுத்தது தண்ணீர். கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உயர வித்தியாசம் குறைவுதான். ஆனால் முகத்துவாரத்திலும் காயலிலும் நிலம் தட்டையாக இருப்பதால், ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே பெரிய சேற்று வெளி திறந்துவிடும். அதுதான் பறவைகளின் சாப்பாட்டு மேஜை. தண்ணீர் ஏறும்போது மேஜை மூடப்படும். பறவைகள் எல்லாம் ஒரு மணல்திட்டில் நெருக்கியடித்து ஓய்வெடுக்கும். சாப்பாட்டு நேரத்தில் போகிறோமா, தூங்கும் நேரத்தில் போகிறோமா என்று தெரியாமல் போவது விருந்தாளிக்கு அழகில்லை.

பச்சை, மஞ்சள், சிவப்பு

"எவ்வளவு தூரத்தில் நிற்கலாம்?" என்று மீட்டர் கணக்குக் கேட்பவர்கள் உண்டு. பறவைக்குப் பறவை, மாதத்துக்கு மாதம் அது மாறும். குழந்தைகளுக்கும் புரிகிற ஒரு வழி, டிராஃபிக் சிக்னல்.

மூக்கு சேற்றில் இருக்கிறதா? பச்சை. மெதுவாக நடக்கலாம். தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறதா, மேய்வதை நிறுத்திவிட்டதா, இரண்டடி விலகி நடக்கிறதா? மஞ்சள். அப்படியே நில்லுங்கள். பறந்துவிட்டதா? சிவப்பு. நீங்கள் சிக்னலைத் தாண்டிவிட்டீர்கள்.

மஞ்சளில் நின்றவர்களுக்குப் பரிசு உண்டு. பத்து நிமிடம் சத்தமில்லாமல் உட்கார்ந்தால், தலை மறுபடி சேற்றுக்குள் போகும். தண்ணீர் ஏறும் நேரமாக இருந்தால் பறவைகளே உங்களை நோக்கித் தள்ளி வரும். துரத்திக்கொண்டு போய் எடுத்த படத்தில் எப்போதும் பறவையின் முதுகுதான் இருக்கும். உட்கார்ந்து எடுத்த படத்தில்தான் முகம் இருக்கும்.

சரி, இனி வருடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

ஆவணி, புரட்டாசி: பசியோடு வருகிறவர்கள்

வலசைப் பறவைகள் என்றாலே டிசம்பர் என்று நினைக்கிறோம். உண்மையில் ஆகஸ்ட்டிலேயே முதல் கூட்டம் இறங்கிவிடுகிறது. வட துருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளிகளில் கோடை மிகக் குறுகியது. குஞ்சு பொரித்த கையோடு பெரிய பறவைகள் கிளம்பிவிடும். பல உள்ளான் வகைகளில் குஞ்சுகள் சில வாரம் கழித்துத்தான் புறப்படும். அப்பா அம்மா துணையில்லாமல், வழி சொல்ல ஆளில்லாமல், பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன பறவை கண்டம் தாண்டி நம் கரைக்கு வந்து சேர்கிறது. பஸ் மாறி ஊர் போகவே நாம் எத்தனை போன் செய்கிறோம்!

இந்தக் கூட்டத்தில் மிகச் சிறியது கொசு உள்ளான். உள்ளங்கையில் மூன்று பத்து ரூபாய் நாணயங்களை வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் எடை. அலை பின்வாங்கும்போது கூடவே ஓடிப் பொறுக்கி, அலை வரும்போது திரும்பி ஓடிவரும் குட்டிக் கூட்டத்தைக் கண்டால் அதில் இவரும் இருக்கலாம். வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் அங்கங்கே செங்கல் நிறத் திட்டுகள் தெரிந்தால், அது இனப்பெருக்க கால உடையின் மிச்சம். கல்யாண வீட்டிலிருந்து பட்டுவேட்டியை மாற்றாமலே வந்து இறங்கியவர் மாதிரி.

இந்தப் பருவத்தில் அவை களைத்து வந்திருக்கும். மஞ்சள் சிக்னலுக்கு முன்பே நின்றுவிடுவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை: மழையும் முகத்துவாரமும்

வடகிழக்குப் பருவமழை வந்ததும் கரையே மாறிவிடும். கோடையில் மணல் அடைத்துக் கிடந்த முகத்துவாரங்கள் உடைத்துக்கொண்டு கடலோடு சேரும். காயலில் நன்னீர் ஏறும். தண்ணீர் ஆழமானால் குட்டைக்கால் உள்ளான்களுக்கு மேயும் இடம் இல்லை. அவை வேறு திட்டுத் தேடிப் போகும். நேற்று பார்த்த ஆயிரம் இன்று இல்லை என்றால் அவை செத்துப்போயின என்று பொருளில்லை, நகர்ந்திருக்கின்றன.

பழுப்புத்தலைக் கடற்காகங்கள் வந்து சேரும் நேரமும் இதுதான். லடாக், திபெத் பகுதிகளின் உயர்ந்த ஏரிகளில் கூடு கட்டுபவை. பனிமலை ஏரியிலிருந்து நம் மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து, படகைச் சுற்றி வட்டமிடும். இவற்றுக்கு மிக்சரும் முறுக்கும் வீசுவது சிலருக்குப் பொழுதுபோக்கு. தயவுசெய்து வேண்டாம். அவை மீன் சாப்பிட வந்தவை. எண்ணெய்ப் பலகாரத்துக்காக வரவில்லை.

புயல் எச்சரிக்கை இருந்தால் நடை ரத்து. இதில் வீரத்துக்கு இடமில்லை. புயல் ஓய்ந்த மறுநாள், நடுக்கடலில் வாழும் பறவைகள் சில நேரம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும். கையில் எடுத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நாய்களை விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மார்கழி, தை: எண்ணுகிற காலம்

எல்லோருக்கும் தெரிந்த பருவம் இது. பழவேற்காட்டுக் காயலில் பூநாரைகள், கோடியக்கரைச் சேற்று வெளிகளில் உள்ளான் கூட்டங்கள், தனுஷ்கோடி சாலையின் இரு பக்கமும் ஆலாக்கள். சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உவர்நீர்க் காயல் பழவேற்காடு. கோடியக்கரை 1967-ல் சரணாலயமானது. 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தனுஷ்கோடியில் 2025 ஜூன் மாதம் தமிழக அரசு பெரும் பூநாரைகளுக்கென்றே ஒரு சரணாலயத்தை அறிவித்தது.

பூநாரையைப் பார்க்கும்போது குழந்தைகளிடம் கேளுங்கள்: "தலையை எப்படி வைத்துச் சாப்பிடுகிறது?" தலைகீழாக! வளைந்த அலகைக் கவிழ்த்து, தண்ணீரை வடிகட்டி, நுண்ணிய இறால்களையும் பாசியையும் மட்டும் விழுங்கும். அந்த உணவில் இருக்கும் நிறமிதான் இறகில் ரோஜா நிறமாகிறது. கூட்டத்தில் அழுக்குச் சாம்பல் நிறத்தில் சில நிற்கும். வேறு ஜாதிப் பறவை என்று நினைக்க வேண்டாம், அவை இளசுகள். இந்தியாவில் பூநாரைகள் பெருமளவில் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் உப்பு வெளி.

ரீல்ஸ் எடுப்பவர்கள் அதிகம் தவறு செய்வதும் இந்தப் பருவத்தில்தான். ஆயிரம் பூநாரைகள் ஒரே நேரத்தில் எழும்பினால் செக்கச்செவேலென்று இறக்கை விரியும், பார்க்க அழகுதான். அதற்காக ட்ரோனை விடுவதும், கை தட்டுவதும், பைக்கைச் சேற்றோரம் ஓட்டுவதும் நடக்கிறது. அந்த 15 விநாடி வீடியோவுக்காக ஆயிரம் பறவைகள் சாப்பாட்டை விட்டு எழுந்து போகின்றன. உங்கள் குழுவில் யாராவது அப்படிச் செய்தால் அதட்ட வேண்டாம். "தம்பி, கொஞ்சம் உட்காருங்க, அதுங்களே கிட்ட வரும்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஜனவரி, கணக்கெடுப்பு மாதமும்கூட. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று வரிசையாக வரும். மாட்டுப் பொங்கலன்று மாடு பார்த்த கையோடு பறவையும் பார்க்கலாம். 15 நிமிடம் போதும்.

"இத்தனை ஆயிரத்தை எப்படி எண்ணுவது?" ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் நிறுத்துங்கள். அதுபோல எத்தனை பத்து, எத்தனை நூறு என்று கூட்டத்தின் மேல் பார்வையை நகர்த்துங்கள். குழுவில் நான்கு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டால் ஓரளவு சரியாக வரும். கோயில் விசேஷத்தில் பந்திக்கு இலை கணக்குப் போடும் அத்தைகள் இதில் கெட்டிக்காரர்கள்.

மாசி, பங்குனி: புறப்பாடு

என்னைக் கேட்டால் நடைக்குப் போகவேண்டிய மாதம் பங்குனி. கூட்டம் குறைந்திருக்கும், கேமராக்களும் குறைந்திருக்கும். ஆனால் பறவைகள் உடை மாற்றுவது இப்போதுதான். டிசம்பரில் பழுப்பாக நின்ற வளைமூக்கு உள்ளான் செங்கல் சிவப்பாகிவிடும். பொன்னிற உப்புக்கொத்தியின் முகமும் வயிறும் கறுத்து, முதுகில் தங்கப் பொடி தூவியது மாதிரி இருக்கும். "எல்லாமே ஒரே மாதிரி" என்று சொன்ன வாசகிக்கு இந்த மாதத்தைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

கரையில் பறவைகளுக்கு மிக நெருக்கடியான மாதமும் இதுவே. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கப் பெட்ரோல் போட வேண்டாமா? அந்தப் பெட்ரோல் கொழுப்பு. நீண்ட தூரம் போகும் உள்ளான்களில் சில, புறப்படும் முன் சில வாரங்களில் தங்கள் எடையை ஏறக்குறைய இரு மடங்காக்கிக் கொள்கின்றன. தண்ணீர் வற்றியிருக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் சாப்பிட முடியும். அந்த நேரத்தில் நாமும் போய், நாய்களும் போய், பைக்கும் போய் அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிவிட்டால், தின்றதை அங்கேயே பறந்து செலவழித்துவிடும். டேங்க் நிரம்பாமல் புறப்பட்ட பறவை வழியில் எங்கே விழுந்தது என்று நமக்குத் தெரியவே வராது. கண்ணுக்குத் தெரியாத சேதம் என்பதால்தான் பங்குனியில் கூடுதல் தூரத்தில் நிற்கச் சொல்கிறார்கள்.

இதே மாதங்களில் சென்னைக் கடற்கரையில் இரவு நடையும் உண்டு. ஆமை முட்டைகளைக் காப்பாற்ற 1988 முதல் மாணவர்கள் நடக்கும் நடை அது. இரவில் ஆமைக்கு நடந்தவர்கள் காலையில் பறவைக்கும் நிற்பதைப் பார்க்கலாம்.

சித்திரை முதல் ஆனி வரை: காலடியைப் பாருங்கள்

இப்போது அந்த மே மாதத்துக்கு வருவோம்.

சின்ன உப்புக்கொத்தி ஒன்று நம் கரையில் வருடம் முழுக்க இருக்கிறது. சிட்டுக்குருவி அளவு, மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, பொம்மைக்குச் சாவி கொடுத்தது மாதிரி ஓட்டம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இந்தப் பறவையை நெடுங்காலம் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளையினமாகவே கருதிவந்தார்கள். 2023-ல் ஆய்வாளர்கள் மரபணு, உடல் அளவுகளை ஒப்பிட்டு இது தனி இனம் என்று நிறுவினார்கள். ராமர் பாலத்தை ஒட்டிய கரைகளில் வாழ்வதால் அதற்கு வைத்த பெயர், அனுமன் உப்புக்கொத்தி. சைபீரியாவிலிருந்து வந்த விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு கரையில் இருப்பது நம் வீட்டுப் பிள்ளை.

அது கூடு என்று ஒன்றும் கட்டுவதில்லை. மணலில் ஒரு சின்னக் குழி, இரண்டு மூன்று முட்டைகள். சிற்றாலாக்களும் அப்படித்தான். திறந்த மணலில், அலை ஏறாத மேட்டில் முட்டையிடும். ஏறக்குறைய மூன்றரை வாரம் காக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் மதிய மணலில் வெறுங்காலோடு நின்றிருக்கிறீர்களா? முட்டை அங்கேதான் கிடக்கிறது. இந்த நேரத்தில் தாயும் தந்தையும் உட்காருவது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. இந்த வகை உப்புக்கொத்திகள் தண்ணீருக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிர்விக்கவும் செய்யும். நாம் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் குரூப் போட்டோ எடுத்தால், அந்தப் பத்து நிமிடமும் முட்டைக்கு நிழல் கிடையாது. மிதிக்காமலே முட்டையைக் கொல்ல முடியும்.

போன வருடம் ஒரு நடையில் நடந்தது இது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன், "அண்ணா, அந்தக் குருவிக்கு இறக்கை உடைஞ்சிடுச்சு, பாவம்" என்று ஓடப் பார்த்தான். முன்னால் ஒரு உப்புக்கொத்தி இறக்கையை மணலில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனது. வழிகாட்டி குரலை உயர்த்தாமல், "எல்லாரும் அப்படியே நில்லுங்க. தம்பி, அது நடிக்குது. 'முட்டையை விட்டுட்டு என் பின்னாடி வா'ன்னு கூப்பிடுது. நீ நிக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் கூடு இருக்கு" என்றார். பையன் சிலை மாதிரி நின்றான். எங்கள் பதினாறு பேரையும் வந்த காலடித் தடத்தின் மேலேயே கால் வைத்துத் திரும்பி நடக்க வைத்தார் வழிகாட்டி. கூட்டைத் தேடவில்லை, படம் எடுக்கவில்லை. ஈர மணலுக்கு இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தோம். நொண்டிய பறவை நேராக நடந்து போய் ஓரிடத்தில் உட்கார்ந்தது. "நல்லா ஆயிடுச்சு!" என்று பையன் கைதட்டப் போய், பாதியிலேயே கையை நிறுத்திக்கொண்டான். அந்த நடையில் நாங்கள் பார்த்த பறவை வகைகள் குறைவு. ஆனால் அந்தப் பையன் அன்று கற்றது நிறைய.

ஆகவே கோடை நடைக்கு நான்கு விதிகள். அலை நனைத்த ஈர மணலில் மட்டும் நடங்கள். மேட்டு மணல் பறவைகளுடையது. நாயைக் கூட்டி வராதீர்கள். கூடு கண்ணில் பட்டால் படம் வேண்டாம், லொக்கேஷனை வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம். கரையில் வலை சீர்செய்யும் மீனவர் இருந்தால், "அண்ணே, இந்தப் பக்கம் பறவை முட்டை வச்சிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பலர் கரையில்தான் இருப்பார்கள். எந்த மணலில் ஆலா கத்துகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எண்ணி என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்வி. 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 வகைப் பறவைகளைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்ட சாதாரணப் பறவை ஆர்வலர்கள் பதிவேற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகள். நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமை நடந்தவர்கள்தான். நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 60 சதவிகிதம் குறைந்திருக்கின்றன. வெகுதூரம் வலசை வரும் பறவைகள் அதிகம் குறைந்தவற்றில் அடக்கம். கோடியக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டுவரும் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்களும் முன்பிருந்த எண்ணிக்கை இன்று இல்லை என்றுதான் சொல்லிவருகிறார்கள்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்குத்தான் குறைந்தது தெரியும். வருடத்துக்கு ஒருமுறை டிசம்பரில் போகிறவருக்கு எப்போதும் கூட்டமாகவே தெரியும். உங்கள் ஊர் முகத்துவாரத்துக்கு மாதம் ஒரு பட்டியல் போட்டு, அதை இ-பேர்டு ஆப்பில் ஏற்றினால் வருடத்துக்குப் பன்னிரண்டு பட்டியல். நாளைக்கு அங்கே குப்பை கொட்ட வந்தாலோ சாலை போட வந்தாலோ, "இங்கே ஒன்றும் இல்லை" என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒன்றும் தென்படாத நாளையும் பதியுங்கள். பூஜ்யமும் ஒரு கணக்குதான்.

கிளம்பும் முன்

- தொப்பி, தண்ணீர், ஈரமானாலும் பரவாயில்லை என்ற செருப்பு. மண் நிற, இலை நிற உடை நல்லது; பளிச் வெள்ளை, சிவப்பு வேண்டாம்.
- பைனாகுலர் இல்லையென்றால் வாங்கிவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை. முதல் இரண்டு நடைகளுக்குக் குழுவில் இரவல் கிடைக்கும்.
- கரையில் கழிப்பறை இருக்காது. பெண்களும் பெரியவர்களும் எந்த இடத்தில் வசதி உண்டு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தயங்காமல் கேட்கலாம், நல்ல குழுவில் அதற்கும் பதில் தயாராக இருக்கும்.
- முழங்கால் வலி உள்ள தாத்தா பாட்டிக்கு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். தண்ணீர் ஏறும் நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் அதிகம் பார்ப்பார்.
- ஆப்பில் பறவையின் குரலைக் கேட்டுப் பழகுங்கள். ஆனால் கரையில் சத்தமாகப் போட்டுப் பறவையை ஏமாற்றிக் கூப்பிடாதீர்கள்.
- சரணாலயப் பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். குழு அதை வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.
- சேரும் முன் வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி: "கூடு கண்டால் என்ன செய்வீர்கள்?" "கிட்டே போய்க் காட்டுவோம்" என்றால் வேறு குழு பாருங்கள். "திரும்பிவிடுவோம்" என்றால் அவரோடு நடக்கலாம்.

இந்த வாரமே தொடங்கலாம். எந்த மாதமானாலும் கரையில் ஏதோ ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. பட்டியல் போட்டால் முதல் மாதம் ஐந்து பெயர் தெரிந்தால் போதும். மீதியை "பழுப்புப் பறவை – 1, பழுப்புப் பறவை – 2" என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதம் அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்களே பெயர் சொல்லிவிடுவீர்கள். எத்தனை முறை மஞ்சளில் நின்றீர்கள் என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.